பைலோரி கிருமி முதல் கோர்ஸில் போகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறது என்று தெரிந்து, இரண்டு வாரம் கைநிறைய மாத்திரை விழுங்கி, மறுபடி சோதித்தால் பாசிட்டிவ் என்றே வருகிறது. அப்படி வந்து நிற்பவர்கள் என்னிடம் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நான் மருந்தாளுநர். மருத்துவரிடம் கேட்க மறந்ததையும் கேட்கத் தயங்கியதையும் மருந்து வாங்குமிடத்தில் கேட்பார்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்யவேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இந்தக் கிருமி எனக்கு எங்கேருந்து வந்துச்சு? நான் வெளியில சாப்பிடுறதே இல்லையே.

பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே வந்திருக்கும். எச்சில், வாந்தி, மலம் கலந்த நீர் வழியாக வாய்க்குப் போகிறது என்பதுதான் இப்போதுள்ள கணிப்பு. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் வயிற்றில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. அதனால் போன மாதம் எங்கே சாப்பிட்டோம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இதை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ரெண்டு வாரம் ஒரு வேளை விடாம சாப்பிட்டேன். அப்புறமும் பாசிட்டிவ்னா என் உடம்புலதான் ஏதோ கோளாறா?

இல்லை. அது குடியிருக்கும் இடம் அப்படி. இரைப்பையின் உள்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. நாம் அனுப்பும் ஆன்டிபயாடிக்குகளில் சில அமிலத்தில் வலுவிழந்துவிடும். அமாக்ஸிசிலினோ, கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போதுதான் அதைக் கொல்லும். அமிலம் கடுமையாக இருந்தால் கிருமி பெருகாமல் சும்மா கிடக்கும். அதனால் அந்தக் கோர்ஸில் உள்ள அமிலம் குறைக்கும் மாத்திரையை 'சும்மா கேஸ் மாத்திரைதானே' என்று விட்டுவிடக் கூடாது. ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் வகை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சேர்த்து விழுங்குகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

இரண்டாவது, இதுதான் பெரிய காரணம்: கிருமிக்கு அந்த மருந்து ஏற்கெனவே பழகிப்போயிருக்கலாம். பைலோரிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசினுக்குக் கட்டுப்படாத கிருமி உலகின் பெரும்பாலான பகுதிகளில் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த அளவைத் தாண்டினால் சோதிக்காமல் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது. இந்தக் கோர்ஸுக்கு முன் நீங்கள் கிளாரித்ரோமைசினைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் எப்போதோ தொண்டை வலிக்கும் சளிக்கும் சாப்பிட்ட அசித்ரோமைசின் அதே குடும்பம். வயிற்றுப்போக்குக்கு எடுத்த மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்கு எடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் விஷயத்திலும் இதே கதைதான்.

மற்றவையும் உண்டு. சிலருடைய கல்லீரல் அமிலம் குறைக்கும் மாத்திரையை வெகுவேகமாக உடைத்துவிடும். அவர்களுக்கு ரேபிப்ரசோல், எசோமெப்ரசோல் ஓரளவு கைகொடுக்கும். புகைபிடிப்பது வெற்றி வாய்ப்பைக் குறைக்கிறது. பதினான்கு நாள் தேவைப்படும் கோர்ஸை ஏழு நாளில் முடித்துவிடுவதும் காரணம்.

மாத்திரை முடிஞ்ச அடுத்த வாரமே டெஸ்ட் பண்ணினேன், நெகட்டிவ். நம்பலாமா?

நம்ப வேண்டாம். அடிபட்டு எண்ணிக்கை குறைந்த கிருமி அந்த நேரத்தில் சோதனைக்குத் தட்டுப்படாமல் இருக்கும். கடைசி ஆன்டிபயாடிக், கடைசி பிஸ்மத் (சில கோர்ஸில் சேரும், கிருமியை அடக்கும் உப்பு) மாத்திரை இரண்டும் முடிந்து குறைந்தது நான்கு வாரம் போக வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு யூரியா மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜென் பரிசோதனையோ செய்யலாம். இரண்டுமே நம்பகமானவை. வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்வதாக இருந்தால் அதிலேயே சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். கிருமி போயிற்றா என்று பார்க்க மட்டும் குழாய் விட வேண்டிய அவசியமில்லை.

ஒரு நுணுக்கம்: கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், பெரும்பாலும் அது உண்மைதான். நெகட்டிவ் என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரத்த டெஸ்ட்ல இன்னும் பாசிட்டிவ்னு வருதே?

வரும். ரத்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அந்தப் பரிசோதனை உதவாது. ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இரண்டாவது கோர்ஸ் எழுதியிருந்தால், முந்தைய பதிலில் சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

டெஸ்டுக்காக ரெண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க. என்னால எரிச்சல் தாங்க முடியலையே?

நிறுத்தியதும் அமிலம் சில நாள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். அந்த எரிச்சலைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சாதாரண அமிலமுறிப்பு டானிக், மென்று சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை இடையில் எடுக்கலாம். ஃபாமோடிடின் வகையும் பரிசோதனையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஓரிரு நாள் முன்பு அதையும் நிறுத்தச் சொல்வார்கள். பிஸ்மத் கலந்த டானிக்கை மட்டும் தொடாதீர்கள், அது கிருமியை அடக்கி முடிவைக் குழப்பிவிடும். புண்ணில் ரத்தம் கசிந்த வரலாறு இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

போன தடவை கொடுத்ததையே இன்னொரு தடவை சாப்பிட்டா போதாதா? மாத்திரைகூட கொஞ்சம் மிச்சம் இருக்கு.

போதாது. கிளாரித்ரோமைசினோ லெவோஃப்ளாக்சசினோ இருந்த ஒரு கோர்ஸ் தோற்றால், தப்பித்த கிருமி அந்த மருந்தைத் தாங்கும் கிருமி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதையே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. அமாக்ஸிசிலின், டெட்ராசைக்ளின், பிஸ்மத் மூன்றும் வேறு வகை. அவற்றுக்குக் கிருமி பழகுவது பெரும்பாலான இடங்களில் அரிது, அதனால் திரும்பவும் கொடுக்கலாம். மெட்ரோனிடசோல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஆய்வகத்தில் கட்டுப்படாத கிருமியைக்கூட, அளவைக் கூட்டி, பிஸ்மத்தோடு சேர்த்துப் பதினான்கு நாள் கொடுத்தால் பல நேரம் வென்றுவிட முடிகிறது.

இதனால்தான் ஒரு விஷயத்தை வருபவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இதுவரை பைலோரிக்குச் சாப்பிட்ட எல்லா மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே கடந்த சில வருடங்களில் வேறு எதற்காகவாவது எடுத்த ஆன்டிபயாடிக்குகளையும் எழுதுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். 'ஏதோ ரெண்டு கலர் மாத்திரை' என்று சொன்னால் மருத்துவர் ஊகத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது கோர்ஸ் சரியாக அமைவது பாதி இந்தத் தாளில் இருக்கிறது. வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

அப்போ அடுத்து என்னதான் தருவாங்க?

முதல் கோர்ஸ் கிளாரித்ரோமைசின் சேர்ந்த மும்மருந்தாக இருந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் பிஸ்மத் நான்மருந்துச் சிகிச்சை: அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், பதினான்கு நாள். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை முதல் கோர்ஸாகவே கொடுக்கச் சொல்கிறது. டெட்ராசைக்ளின் பல இடங்களில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் டாக்ஸிசைக்ளின் போட்டுக் கொடுப்பதுண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், டாக்ஸிசைக்ளினில் வெற்றி குறைவு. சீட்டில் டாக்ஸிசைக்ளின் இருந்தால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அதுவும் பலிக்காவிட்டால் வேறு வழிகள் உண்டு. லெவோஃப்ளாக்சசின் சேர்ந்த கோர்ஸ், கிருமி அதற்குக் கட்டுப்படும் என்று தெரிந்தால் நல்லது. ரிஃபாபுட்டின் காசநோய் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குப் பழகிய பைலோரி மிக அரிது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரத்த வெள்ளணுக்களையும் கவனித்துக் கொடுப்பார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். அமாக்ஸிசிலினை மட்டும் அதிக அளவில், நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வலுவான அமிலத் தடுப்பு மாத்திரையோடு கொடுக்கும் இருமருந்து முறையும் இருக்கிறது.

வோனோப்ரசான் என்று ஒரு மாத்திரை ஜப்பானில் 2014-இல் அனுமதி பெற்றது. பைலோரி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2022-இல் அனுமதித்தார்கள். இது அமிலத்தை இன்னும் வலுவாக, முதல் நாளிலிருந்தே அடக்குகிறது. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கவலையும் இல்லை. கல்லீரல் வேகமாக உடைத்துவிடும் என்று மேலே சொன்ன சிக்கல் இதில் குறைவு.

மாத்திரை ஆரம்பிச்சதும் மலம் கருப்பாப் போகுது, நாக்கும் கறுத்துப்போச்சு. நிறுத்திடவா?

பிஸ்மத் செய்யும் வேலை அது, மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். ஆனால் ரத்தக் கசிவாலும் மலம் கறுக்கும். அந்த மலம் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு இருக்கும். கூடவே தலைசுற்றல், களைப்பு, மூச்சுவாங்கல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாயில் உலோகச் சுவை மெட்ரோனிடசோலாலும் கிளாரித்ரோமைசினாலும் வரும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் முடிந்த பின் மூன்று நாளும் மது கூடாது. டெட்ராசைக்ளினைப் பால், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் அது உடம்பில் சேராது, இடைவெளி விடுங்கள். அது வெயிலில் தோலைக் கன்றவும் வைக்கும். லெவோஃப்ளாக்சசின் எடுக்கும்போது குதிகாலுக்கு மேல் தசைநாரில் வலி தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கோர்ஸ் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், இந்த ஆன்டிபயாடிக்குகளில் பல அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

நடுவுல ரெண்டு வேளை விட்டுப்போச்சு. முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். ஞாபகம் வந்ததும் தொடருங்கள், இரட்டை அளவு எடுக்காதீர்கள். இரண்டு வேளையால் கோர்ஸ் பாழாகாது. குமட்டலில் ஐந்தாம் நாளே மொத்தமாக நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் கெடுதல். நிறுத்தும் முன் ஒரு போன் செய்யுங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது.

எனக்கு பெனிசிலின் அலர்ஜி. எனக்கு வழியே இல்லையா?

மேலே சொன்ன பிஸ்மத் நான்மருந்துச் சிகிச்சையில் அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை எதுவும் இல்லை. உங்களுக்கு அதுதான் முதல் வழி. அது தோற்றால்தான் தெரிவுகள் சுருங்கும். அப்போது அலர்ஜி உண்மையா என்று சோதித்துப் பார்ப்பது பயன்படும். பெனிசிலின் அலர்ஜி என்று குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, முறையாகச் சோதித்தால் அலர்ஜி இல்லை என்று தெரியவருகிறது. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு தடிப்பை வைத்து எழுதப்பட்ட குறிப்பு அப்படியே தொடர்ந்திருக்கும். முகம் வீங்கி, மூச்சுத் திணறிய அனுபவம் இருந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்கும் விளையாட்டே வேண்டாம்.

எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாதா?

முடியும். எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கிலிருந்து கிருமியை வளர்த்து, ஒவ்வொரு மருந்தையும் அதன்மேல் சோதிக்கலாம். சிக்கல் என்னவென்றால் இது வளர அடம்பிடிக்கும் கிருமி. வாரனும் மார்ஷலும்கூட ஆரம்பத்தில் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்ததால்தான் கிருமி கண்ணில் பட்டது. இன்றும் எல்லா ஆய்வகத்திலும் இது நடப்பதில்லை. துணுக்கு காய்ந்தாலோ தாமதமானாலோ கிருமி செத்துவிடும்.

சுலபமான வழி, கிருமியின் மரபணுவில் எதிர்ப்புக்கான மாற்றம் இருக்கிறதா என்று பிசிஆர் முறையில் பார்ப்பது. கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் இரண்டுக்கும் இது நன்றாகச் சொல்லிவிடும். மல மாதிரியிலேயே செய்யும் வசதியும் வந்திருக்கிறது. மெட்ரோனிடசோலுக்கு இந்த முறையை அவ்வளவு நம்ப முடியாது. என் அபிப்பிராயத்தில், இரண்டு கோர்ஸ் தோற்ற பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைத் தொடங்குவதைவிட, இந்த வசதி எட்டும் தூரத்தில் இருந்தால் அதைக் கேட்டு வாங்குவது மேல்.

தேன், பூண்டு, புரோபயாடிக் இதெல்லாம் சாப்பிட்டா கிருமி போகுமா?

அவற்றால் மட்டும் போகாது. ஆய்வகத் தட்டில் கிருமியை அடக்குவதாகக் காட்டிய பொருள்கள் ஏராளம். மனித வயிற்றில் ஒழித்துக் காட்டியதாக எதுவும் இல்லை. புரோபயாடிக் வேறு விஷயம்: ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் குறைக்கிறது. அதனால் கோர்ஸை முடிக்க முடிந்தால் அதுவே லாபம். துணையாக எடுங்கள், மாற்றாக வேண்டாம்.

வீட்டுல எல்லாரும் மாத்திரை சாப்பிடணுமா? இல்லாட்டி மறுபடி ஒட்டிக்குமே?

பெரியவர்களுக்கு மறுதொற்று அவ்வளவாக நடப்பதில்லை. தண்ணீரும் கழிவறை வசதியும் நன்றாக உள்ள இடங்களில் ஆண்டுக்கு நூறில் ஓரிருவர்தான். நெரிசலும் சுகாதாரக் குறைவும் உள்ள இடங்களில் கூடுதல். முதல் வருடத்துக்குள் 'திரும்ப வந்தது' என்றால், பெரும்பாலும் அது போகவே இல்லை, பழைய கிருமிதான் தலைதூக்குகிறது. முதல் பரிசோதனையை அவசரப்பட்டுச் செய்தவர்களிடம் இது அதிகம்.

வீட்டில் மற்றவர்களுக்குச் சோதிக்காமல் மருந்து கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் சோதித்துக்கொள்வதில் தவறில்லை. வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அவசியம் சோதிக்க வேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைகளைச் சோதிக்கச் சொல்வதில்லை.

கிருமி போயிடுச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுது. ஆனா வயிறு அப்படியேதான் இருக்கு?

இதுதான் மனதை அதிகம் நோகடிக்கும் கேள்வி. உப்புசம், மேல்வயிற்று வலி, சீக்கிரம் வயிறு நிறைவது இவையெல்லாம் எப்போதும் கிருமியின் வேலையாக இருப்பதில்லை. புண் இல்லாத அஜீரணக்காரர்களில் கிருமியை ஒழித்தால் தொந்தரவு தீர்ந்துபோவது சிறு பகுதியினருக்கு மட்டுமே, அதுவும் ஆறு மாதம்கூட ஆகலாம். மீதிப் பேருக்கு வயிற்றின் நரம்புகளும் அசைவும் சம்பந்தப்பட்ட அஜீரணம் இருக்கும். அதற்குத் தனி சிகிச்சை உண்டு, அதில் ஆன்டிபயாடிக் கிடையாது. சரியான நேரத்தில் செய்த பரிசோதனை நெகட்டிவ் என்றால், எரிச்சலை மட்டும் வைத்து இன்னொரு கோர்ஸ் கேட்காதீர்கள்.

மூணு கோர்ஸ் தோத்துப்போச்சு. அப்படியே விட்டுட்டா கேன்சர் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது உண்மை. அதே சமயம், கிருமி உள்ளவர்களில் வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய் வருவது நூறில் ஒன்று முதல் மூன்று பேருக்கு. புண் வருவது பத்துப் பேர் அளவுக்கு. வந்தாலும் அது பல பத்தாண்டுகளில் மெல்ல நடப்பது. ஆகவே அடுத்த கோர்ஸை அடுத்த வாரமே தொடங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சில மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு, மேலே சொன்ன தாளையும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பரிசோதனையையும் வைத்து நிதானமாக முடிவு செய்யலாம். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

புண் வந்தவர்கள், அதிலும் ரத்தம் கசிந்தவர்கள், மால்ட் லிம்ஃபோமா (இரைப்பையில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்று) உள்ளவர்கள், ஆரம்பநிலைப் புற்றை வெட்டி எடுத்தவர்கள், வீட்டில் நெருங்கிய உறவில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள், தினமும் ஆஸ்பிரினோ வலிமாத்திரையோ எடுக்க வேண்டியவர்கள், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள்: இவர்கள் விட்டுவிடக் கூடாது. மற்றவர்கள் மூன்று நான்கு முறைக்குப் பிறகு, வயது, வேறு நோய்கள், மருந்தின் பக்கவிளைவு எல்லாவற்றையும் எடைபோட்டு, 'இப்போதைக்குப் போதும்' என்று மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுப்பதும் நியாயமான வழிதான். இரைப்பையின் உட்சுவர் மெலிந்திருக்கிறது, செல்கள் மாறியிருக்கின்றன என்று பயாப்சியில் வந்திருந்தால், கிருமி போனாலும் போகாவிட்டாலும் சில வருட இடைவெளியில் எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, ரத்த வாந்தி, பிஸ்மத் சாப்பிடாதபோதும் கறுத்த மலம், புதிதாக ரத்தசோகை: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கோர்ஸ், நான்கு வாரக் காத்திருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.